ராணி வேலையை விட்ட நாளில் கேசரி

ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் முதலாளியே கேசரி கிண்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் பார்த்தேன்.

சிறையிலிருந்து திரும்பிய பெண்களுக்கு வேலை கொடுக்கும் கேட்டரிங் கடை அது. நடத்துபவர் மல்லிகா அக்கா. இப்படி வேலை உருவாக்கும் சிறு நிறுவனங்களுக்குக் கைகொடுப்பதுதான் எங்கள் தொண்டு அமைப்பின் பணி. பெரிய அமைப்பொன்றின் பிரிவாக இருந்த நாங்கள் தனியாக வந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது.

அங்கேயே சமையல் பழகிய ராணி, ஹோட்டல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்கு ஏன் இனிப்பு?

"நல்லா தேறின ஆளு போறாங்க. உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தான். நாளைக்கு இத்தனை சப்பாத்தி யாரு போடுறது?" என்றபடி அக்கா நெய்யை ஊற்றினார். "ஆனா இவ இங்கேயே இருந்துட்டா, அடுத்து வெளிய வர்றவளுக்கு இடம் ஏது? போகணும் லா. அதுக்குத்தானே கடை."

ராணி தன் ஏப்ரனைக் கழற்றி, புதிதாக வந்த பெண்ணுக்குக் கட்டிவிட்டார். "அக்கா சத்தம் போடுவாங்க. கண்டுக்காத."

எனக்கு அந்தப் பெரிய அமைப்பில் எங்களுக்கு இயக்குநராக இருந்தவர் நினைவுக்கு வந்தார். நாங்கள் பிரிந்த நாளில் கேக் வெட்டி, லிஃப்ட் வரை வந்து கையசைத்தவர். தொல்லை விட்டதென்று மகிழ்கிறார் என நினைத்து, அதன்பின் நான் அவரிடம் பேசவே இல்லை. மறுநாள் அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்று அன்றுதான் தோன்றியது.

அக்கா கட்டிக்கொடுத்த கேசரியோடு, பேருந்து நிறுத்தத்திலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா, ஏதும் பிரச்சனையா?"

"இல்ல சார். கேசரி இருக்கு. கொண்டு வரட்டுமா?"