ஸ்ரீரங்கத்துச் சாய்தளமும் நடுவில் ஒரு போல்ட் வரிசையும்

பங்குனியில் திருச்சிக்குப் போக வேண்டாம் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வேன். நான் போனது நடுவராக. ஸ்ரீரங்கம் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் உயரமான கல்படிகளைத் தாண்டுவதற்கு, மடக்கி எடுத்துச் செல்லும் சாய்தளம் ஒன்று வேண்டும், யார் வேண்டுமானாலும் யோசனை தரலாம் என்று சென்னை நிறுவனம் ஒன்று இணையத்தில் அழைப்பு விட்டிருந்தது. இதற்குத் ‘திறந்த புத்தாக்கம்’ என்று பெயர். வெல்பவருக்கு நாற்பது சாய்தளங்கள் செய்யும் ஆர்டர்.

எழும்பூரிலிருந்து காலை ரயில், ஐந்தரை மணி நேரம். ஜங்ஷன் வாசலில் ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார்.

“மேப்புல நூத்தெழுபதுன்னு காட்டுதே.”

“அப்ப மேப்புலயே ஏறிப் போங்கம்மா.”

ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலையும் சேர்த்து முக்கால் மணி நேரம். பாலத்திலிருந்து பார்த்தபோது காவிரியில் மணல்தான் தெரிந்தது.

கூட்டம் ஒரு திருமண மண்டபத்தில். வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு, தான் செய்து அதில் ஏற்றி வந்த சாய்தளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் தனலட்சுமி. கைலாசபுரம் பக்கம் சின்னத் தகட்டுப் பட்டறை வைத்திருப்பவர். இதுவரை பெரிய பட்டறைகளுக்குக் கூலி வேலை. சொந்தப் பெயரில் முதல் ஆர்டர் இதுவாக இருக்கும் என்று நம்பி வந்திருந்தார்.

உள்ளே, இணையத்தில் அதிக விருப்பக்குறி (லைக்) வாங்கிய வடிவமைப்பைத் திரையில் காட்டினார்கள். ஒரு பெரிய பட்டறையுடையது. பளபளவென்று முப்பரிமாணப் படம்.

“மேடம், அது என்னோடது” என்றார் தனலட்சுமி.

பட்டறைக்காரர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்டுவார்கள். அட்வான்ஸ் வாங்காமல் அதை யாரிடமும் விட்டுவிட்டு வருவதில்லை. “ஃபோன் பண்ணிக் கேட்டேங்க. ஃபைல் ஏத்தலைன்னா அப்ளிகேஷன் முழுசாகாதுன்னாங்க. ஏத்தினேன். ஊரே பாத்துச்சு” என்றார் அவர்.

ஒருங்கிணைப்பாளர் இளைஞர். பொறுமையாகத்தான் பேசினார். “ஒரே பிரச்சினைக்கு ரெண்டு பேருக்கு ஒரே யோசனை வரலாம் இல்லீங்களா?”

“வரலாம் தம்பி. தகடு மடக்குற என் பெண்டிங் மெஷின் மூணடிதான். அஞ்சடித் தகட்டோட ஓரத்த அதுல மடக்க முடியாது. அதனால ரெண்டு துண்டா மடக்கி, நடுவுல போல்ட் போட்டுச் சேத்தேன். அவங்ககிட்ட பத்தடி மெஷின் இருக்கு. ஒரே தகடா மடக்கிட்டுப் போக வேண்டியதுதானே? என் வீட்டு வறுமையையும் சேத்துல்ல காப்பி அடிச்சிருக்காங்க!”

திரையைப் பார்த்தேன். நடுவில் அதே போல்ட் வரிசை.

“இதைப் பதிவு பண்ணணும்” என்றேன்.

“ஓப்பன்னு பேர் வெச்சதே இதுக்குத்தானே மேடம்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மதிப்பெண் போடவும் ஒரு செயலி தந்திருந்தார்கள். அதில் நட்சத்திரங்கள் மட்டும், காரணம் எழுத இடமில்லை. குறைந்தபட்சம் ஒரு நட்சத்திரமாவது போட வேண்டும். அந்தப் பெரிய பட்டறைக்கு ஒன்று போட்டேன். ஒன்றும் மாறவில்லை. விருப்பக்குறிகளுக்குத்தான் பெரும்பங்கு, அவர்கள் பட்டறையில் ஆட்கள் அதிகம். ஆர்டர் அவர்களுக்கே போனது. தனலட்சுமியின் சாய்தளம் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை.

எனக்கு இணையக் கருவிகள் மேல் கோபமில்லை. எந்தெந்தப் படியில் நாற்காலி சிக்குகிறது என்று பொதுமக்கள் அதே இணையதளத்தில் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அது அருமையான கருவி. வரைபடம் வாங்க, மற்றவர் திறக்க முடியாத ஒரு மின்னஞ்சல் பெட்டி போதும். தேர்ந்தெடுக்கவோ எந்தச் செயலியும் வேண்டியதில்லை. மண்டபத்து வாசலிலேயே இரண்டு கல்படிகள் இருந்தன, ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே தளம் என்பதை வசதி என்று நினைத்தார்கள். யாருக்கு வசதி என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது இருவர் கைபேசியிலும் ஒரே செய்தி: ‘உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்.’

“இதுல போட்டா எல்லாரும் பாப்பாங்களா மேடம்?”

“பார்ப்பாங்க.”

“அப்ப சரி.” லோடு ஆட்டோவில் ஏறி, போல்ட் வரிசையைக் கிட்டத்தில் படமெடுத்தார். பட்டறையின் மூன்றடி இயந்திரத்தின் படம் ஏற்கெனவே அவர் கைபேசியில் இருந்தது. இரண்டையும் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: ‘பத்தடி மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த போல்ட்டு எதுக்குங்க?’

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பன்னிரண்டு மணிக்கு மேல் கல்தரையில் கால் வைக்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். முதியவர்களை அழைத்துப் போனால் நாற்காலியைத் தூக்க, கூடவே இருவர் வேண்டும். நாற்பது சாய்தளங்கள் வரும்வரை அப்படித்தான். இதுபோன்ற அழைப்புகளுக்கு யோசனை அனுப்புகிறவர்கள், அதை முதலில் யார் திறந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் படம் மட்டும் காட்டுங்கள், அளவுகளைத் தராதீர்கள்.

திரும்பும் ரயிலில் அந்தப் பதிவைத் தேடினேன், கிடைக்கவில்லை. ‘நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று தனக்குக் காட்டுவதாகத் தனலட்சுமி செய்தி அனுப்பினார். இதை எழுதும்வரை அது காத்திருக்கிறது. அவருடைய வரைபடம் ஏறிய அன்று யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.