அஞ்சலை அக்காவைக் கேட்காமல் மூடிய வால்வு

1. கூப்பிட்டார்கள், போனேன்

இருபத்து நான்கு வருடங்களாக பிளம்பர் வேலை பார்க்கிறேன். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ், கோட்டக்குப்பத்தில் மாடி வீடு, மரக்காணத்தில் உப்பளக்காரர்கள் வீடு என்று நான் பைப் போடாத இடம் குறைவு. அங்கெல்லாம் படாத அவமானத்தை, நான் படித்த பள்ளிக்கூடத்தில், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் பட்டேன். வேலைக்குக் கிளம்பப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கூப்பிட்டவள் கலைச்செல்வி. என்னோடு படித்தவள். இப்போது ஸ்டாஃப் நர்ஸ்.

"பிரகாசம், நம்ம ஸ்கூல்ல ஃபேர்வெல் வெச்சிருக்காங்க. காலைல பழைய ஸ்டூடன்ட்ஸ் வந்து ஆளுக்கு ஒரு வேலை சொல்லித் தரணுமாம். பசங்க நாளைக்குத் தனியா ரூம் எடுத்து இருப்பாங்க இல்ல? நான் முதலுதவி. நீ குழாய்."

"நானா? நான் பிளஸ் டூவே ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணவன்."

"அதையும் சொல்லு. பசங்க தைரியமா எக்ஸாம் எழுதுவாங்க."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். அதுதான் முதல் தப்பு. பிளம்பர் வேலைக்கு யாரும் வெள்ளைச் சட்டையில் போகக் கூடாது.

2. வேணாம்க்கா, எனக்குத் தெரியும்

எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும். அதனால் பள்ளிக்கூடத்து மாடியில் இரண்டு டேங்க். ஒன்றில் போர் தண்ணி, அது கழிவறைக்கு. இன்னொன்றில் லாரியில் வரும் நல்ல தண்ணி. குடிக்க, கை கழுவ. அன்று காலைதான் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தது. பின்பக்கம் கோட்டக்குப்பத்திலிருந்து வந்த பிரியாணி மாஸ்டர் பாய் அடுப்பு மூட்டி மசாலா வதக்கிக்கொண்டிருந்தார். வாசனை வகுப்புவரை வந்தது.

கை கழுவுகிற இடத்தில் ஒழுகுகிற குழாய் ஒன்றைக் கழற்றி, புதுக் குழாயின் மரையில் தண்ணி கசியாமல் இருக்க டெஃப்லான் டேப் சுற்றி மாட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. மாடிப்படிக்குக் கீழே இரண்டு கேட் வால்வு இருந்தன. ஒன்றுக்கு நீல பெயின்ட். இன்னொன்று துருப்பிடித்தது. நீலம் என்றால் நல்ல தண்ணி. எங்கேயும் அப்படித்தான் என்று நீலத்தை மூடினேன்.

பள்ளியைச் சுத்தம் செய்கிற அஞ்சலை அக்கா, கையில் துடைப்பத்தோடு அங்கேதான் நின்றிருந்தார்.

"எதுனா காட்டணுமா தம்பி?"

"வேணாம்க்கா, எனக்குத் தெரியும்."

வால்வை மூடியதும் பக்கத்துக் குழாயைத் திறந்து தண்ணி நின்றுவிட்டதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பால பாடம். பார்க்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் இருந்தேன். பெண் பிள்ளைகள் பட்டுப்புடவையில், பையன்கள் புது வேட்டியில், நாற்பது பேர் என் வாயையே பார்த்தபடி நின்றால் யாருக்குத்தான் பேச்சு நிற்கும்?

"ரூம் எடுத்தீங்கன்னா மொதல்ல வால்வு எங்க இருக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கங்க. கேக்கறதுக்கு வெக்கமே படக் கூடாது" என்றேன். சொல்லிக்கொண்டே ரெஞ்சைப் போட்டு ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் குழாய் கையோடு வந்தது. பின்னாலேயே மாடி டேங்க் முழுவதும் வந்தது.

3. உள்ளங்கையால் அடைத்த கதை

தண்ணி நேராக என் நெஞ்சில் அடித்தது. கையால் பொத்தினேன். விரலிடுக்கில் விசிறி மாதிரி பிரிந்து முன் வரிசையில் பாய்ந்தது. பட்டுப்புடவைகள் கூச்சலிட்டு ஓடின. ஒரு பையன் ஓடாமல் செல்போனில் படம் பிடித்தான்.

"அண்ணா, இதுவும் கிளாஸ்தானா?" என்று கேட்டாள் திவ்யா. வகுப்பு லீடர். நிஜமாகத்தான் கேட்டாள்.

"இல்லம்மா! போய் அந்த அஞ்சலை அக்காவைக் கூட்டிட்டு வா!"

என்னால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் மொத்தமும் போய்விடும். இன்னொரு வால்வை மூடு என்று யாரிடமாவது சொல்லக்கூட அப்போது தோன்றவில்லை. கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டலாம் என்றால் அது எங்கோ உருண்டு போயிருந்தது. கலைச்செல்வி பேண்டேஜ் சுருளோடு ஓடிவந்தாள். குழாய்க்குக் கட்டுப் போட முடியாது என்று புரிந்ததும் அப்படியே நின்று சிரித்தாள்.

மாடியைக் கூட்டப் போயிருந்த அஞ்சலை அக்காவைத் திவ்யா தேடிக் கூட்டி வரக் கால் மணி நேரம் ஆனது. ஓடி வரவில்லை. படிக்குக் கீழே குனிந்து துருப்பிடித்த வால்வை நாலு திருப்புத் திருப்பினார். தண்ணி நின்றது.

"லைன் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. பெயின்ட்ட யாரும் மாத்தல" என்றார்.

4. எச்.எம். மேடம் கேட்ட கேள்வி

தலைமையாசிரியை மேடம் வரும்போது தாழ்வாரத்தில் கணுக்கால் தண்ணி. டேங்க்கில் அடிமட்டம்தான் மிச்சம். பின்பக்கமிருந்து பாயும் வந்துவிட்டார்.

"மேடம், அரிசிய ஊற வெச்சாச்சு. தண்ணி இல்லன்னா கறி தனியா, அரிசி தனியா குடுத்துடறேன். புள்ளைங்க வாயில போட்டுக் கலந்துக்கட்டும்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. நான் விருந்தாளி. நேராக அஞ்சலை அக்காவிடம் திரும்பினார். "இன்னா அஞ்சலை? வால்வெல்லாம் ஒழுங்கா வெச்சிருக்க மாட்டியா? வெளியாளுங்க வர்ற அன்னிக்கா இப்படி?"

அக்கா குனிந்து துடைப்பத்தால் தண்ணியைத் தள்ள ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெயின்ட் தப்பு என்று நானும் சேர்ந்து சொல்லியிருக்கலாம், பொய்கூட இல்லை. அக்காவோ தினக்கூலி. நாளைக்கு வராதே என்றால் அதோடு சரி. நாற்பது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். அஞ்சலை அக்கா கேட்டதும் நான் வேண்டாம் என்றதும் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

"மேடம், அக்கா மேல தப்பு இல்ல" என்றேன். "காட்டட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் தெரியும்னு சொல்லிட்டேன். பக்கத்துக் குழாய தொறந்தும் பாக்கல. என் தப்புதான். மன்னிச்சிடுங்க அக்கா."

யாரும் கை தட்டவில்லை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். மேடம் பாயைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பாட்டுக்கு இப்ப இன்னா வழி?" என்றார்.

வழி சொன்னது அஞ்சலை அக்காதான். தெருமுனைப் பொதுக்குழாயில் இன்னும் ஒரு மணி நேரம் தண்ணி வருமாம். குடத்துக்கு எங்கே போவது? திவ்யா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "அத்தை, எங்க ஃபேர்வெல் பிரியாணிக்குத் தண்ணி இல்ல, ரெண்டு கொடம் குடுங்க, கழுவிக் குடுத்துடறோம்" என்றாள். சுற்றி வளைக்காமல் கேட்டதால் எட்டு வீட்டில் பதினைந்து குடம் கிடைத்தன. புடவையை இடுப்பில் செருகி, வேட்டியை மடித்துக் கட்டி, வரிசையாக நின்று கை மாற்றினார்கள். நடுவில் நான், ஈரச் சட்டையில். குடம் என்னிடம் வரும்போதெல்லாம், "அண்ணா, மூடி திறக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க" என்றார்கள்.

பிரியாணி ஒரு மணி நேரம் தாமதம். பாய் முதல் தட்டை அஞ்சலை அக்காவுக்குக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு மேடம் அக்காவைப் படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய், "எது எதுன்னு எங்களுக்கும் காட்டு" என்றார். நாற்பது பேரும் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

5. பிறகு

அன்று கற்றுக்கொண்டதைப் பிள்ளைகள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம். கலைச்செல்வி போனில் படித்துக் காட்டினாள். பாதிப் பேர் என் சட்டையைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், "டெஃப்லான் டேப் எந்தப் பக்கம் சுத்தணும்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல" என்று எழுதியிருந்தான். தம்பி, மரையின் நுனியைப் பார்த்தபடி, கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும்.

அடுத்த வாரம் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. ஓனர் கட்டட பிளானை மேஜைமேல் விரித்து, இரண்டு வால்வு இருக்கும் இடத்தைக் காட்டினார். பார்த்துக்கொண்டேன். பிறகு, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "அக்கா, இந்த வீட்டுல எந்த வால்வு எதுக்கு?" என்று கேட்டேன்.

அந்த அம்மா ஓனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லையே" என்றபடி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் நடந்தார். மூன்று வால்வு காட்டினார்.