எதிரணிக்குக் கைதட்டியவன்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயில் தேர் முதல்முறை தெருவுக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வடம் பிடிக்கிற நெரிசலில் என் ஒற்றைச் செருப்பு போனது. மற்றதை எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று மனைவி பரமேஸ் இன்னும் கேட்கிறாள்... சரி, அதை விடுங்கள். அதற்கு அடுத்த வைகாசியில், அதாவது இந்த வைகாசியில், எங்கள் ஒரே மகள் ஆரணி அமெரிக்கா போனாள்.

பந்து விளையாட. கோல்கீப்பர்.

பெரிய இடம் என்று நினைக்காதீர்கள். ஒஹாயோப் பக்கம், கோடையில் மட்டும் நடக்கிற சின்ன லீக். மேலே ஏற ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கானது. சம்பளம் கிடையாது, அந்த ஊர்க்காரர் யாராவது தங்கள் வீட்டில் ஒரு அறை கொடுப்பார்கள். அதற்காக இங்கே, நாங்கள் வந்து குடியேறிய வின்டர்தூர் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டாள். என் வாய் சும்மா இருக்குமா?

"போறதெண்டால் என்னட்டச் சொல்லத் தேவையில்லை," என்றேன்.

சொன்னபடி கேட்கிற பிள்ளை. நான் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன நேரம், சொல்லாமலே போய்விட்டாள். மூன்று பேருக்கு வாங்கிய பாணோடு வாசலில் நின்றேன்.

முப்பது வருஷம் ரெஸ்டாரன்ட்டில் கோப்பை கழுவியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போச்சு. இந்தப் பத்தியையே நான் சொல்லச் சொல்ல பரமேஸ்தான் எழுதுகிறாள். ஆரணி இங்கே விளையாடின காலத்தில், ஞாயிறு வேலை முடிந்ததும் வெங்காய மணத்தோடு மைதானத்துக்கு ஓடுவேன். மற்றத் தகப்பன்மாரோடு நிற்கக் கூச்சம். கோலுக்குப் பின்னால் போய் நிற்பேன். ஆரணி திரும்பாமலே சொல்வாள்: "அப்பா, கத்தாதேங்கோ. நீங்கள் இடப்பக்கம் எண்டு கத்தினால் நான் வலப்பக்கம் பாயிறன்."

இப்போது தாயோடு மட்டும்தான் போனில் கதைக்கிறாள். நான் உள்ளே வந்தால் சிரிப்பு நிற்கிறது. "அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேட்டவள்," என்பாள் பரமேஸ். உண்மையில் கேட்டாளா, இவளாகச் சொல்கிறாளா... யாருக்குத் தெரியும்?

ஆட்டங்களை இணையத்தில் காட்டுகிறார்கள். அங்கே மத்தியானம்; இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், ஜன்னலில் இன்னும் வெயில். ஆனால் ஒரேயொரு கேமரா. பிடிக்க ஆளும் இல்லை — பந்து போகிற பக்கம் அதுவே திரும்பும். ஆரணியின் அணி நன்றாக ஆடினால் பந்து எதிர்ப் பக்கமே கிடக்கும். பிறகு ஆரணியை எங்கே காண்பது? முதல் ஆட்டத்தில் நாலுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். நான் பிள்ளையைப் பார்த்தது மூன்று தரம். அதுவும் நக அளவில்.

இரண்டாம் ஆட்டத்திலிருந்து நான் எதிரணியின் ஆள்.

"கொண்டு வா, இஞ்சால கொண்டு வா!" என்று கைதட்டுவேன்.

"வெட்கமில்லையோ மனுசனுக்கு?" என்றாள் பரமேஸ். "பெத்த பிள்ளையின்ர கோலுக்கெல்லே அடிக்க வருகினம்!"

"அடிக்க வந்தால்தானேயப்பா அவளைக் காட்டுறாங்கள்."

ஒரு ஆட்டம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பரமேஸும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு முக்கியமான ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று, இன்னும் இரண்டு கிழமை, பதினாலு நாள், அங்கேதான். வெல்லாவிட்டால் புதன்கிழமை விமானம். இதில் எனக்கு எது வேண்டும் என்று கேட்கிறீர்களா? அன்று சாமிப்படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

ஒன்றுக்குப் பூச்சியம், ஆரணி பக்கம் முன்னிலை. முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி.

பந்து அசையாமல் கிடந்தது, கேமராவும் அசையவில்லை. கோலுக்கு நடுவில் என் பிள்ளை. கையுறையை இறுக்கினாள். நெற்றி மயிரை ஒதுக்கினாள். மெலிந்துதான் போயிருந்தாள். இந்தப் பந்து உள்ளே போனால் வியாழக்கிழமை வீட்டில் நிற்பாள். ஒரேயொரு பந்து...

"பிடி பிள்ளை!" என்று கத்தினது யார்? நான்தான்.

பிடித்தாள். எழும்பி ஓங்கி உதைத்தாள். பந்து பறந்தது, கேமராவும் அதன் பின்னால் போய்விட்டது.

"எதிரணிக்காரர் ஏன் அழுறியள்?" என்று கேட்டுவிட்டு பரமேஸ் போனை நீட்டினாள். "நீங்களே எடுத்துக் கதையுங்கோவன்."

வாங்கவில்லை. வாயைத் திறந்தால் 'எப்ப வாறாய்' என்றுதான் வரும். இரண்டு கிழமை நிம்மதியாக விளையாடட்டுமே?

ஆகவே ஒரு உதவி. உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், ஒரு ஆட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஆரணியைக் கண்டால் ஒரேயொரு சொல் சேர்த்துவிடட்டும்: பெனால்டியை அப்பா பார்த்தவராம்.