பிரிக்காமல் வைத்த பார்சல்

சிவகாசியிலிருந்து ஒரு சின்ன உறையைக்கூட நிம்மதியாக அனுப்ப முடியாது. கூரியர் கவுண்டரில் வைத்ததும், "உள்ள என்னம்மா இருக்கு?" என்பார்கள். கார்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இந்த ஊர்ப் பார்சல் என்றாலே உள்ளே வெடி இருக்கும் என்று வெளியூரில் ஒரு நினைப்பு. அதற்குப் பயந்து இவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். பல வருஷமாகப் போய்வருவதால் நான் உறையை ஒட்டாமலேயே கொண்டுபோவேன். கவுண்டரில் இருக்கும் அண்ணாச்சி பார்த்து முடித்த பிறகு அவர் மேஜையில் வைத்தே ஒட்டுவேன்.

"இந்தப் படத்துக்குப் போயா இம்புட்டு மெனக்கெடுறீக?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

மெனக்கெடத்தான் வேண்டும். நான் சேர்ப்பது பழைய குஸ்தி கார்டுகளும் கிரிக்கெட் கார்டுகளும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கியவை. அதில் நிறைய எங்கள் ஊரிலேயே அடித்தவை. ஒரு மூலை மழுங்கினாலும் வாங்கியவருக்கு மனசு கெட்டுப்போகும். முதலில் கார்டை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். உறையின் வாயைக் காகித டேப்பால் மூடி, டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட வேண்டும். பிரிக்கிறவருக்கு நகம் வைக்க இடம் வேண்டாமா? பிறகு மேலும் கீழும் இரண்டு அட்டை. ஒரு அட்டையில் காகித நார் நெட்டாக ஓட வேண்டும், இன்னொன்றில் குறுக்காக ஓட வேண்டும். அப்போதுதான் தபால்காரர் எந்தப் பக்கம் மடக்கினாலும் மடங்காது. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அச்சகத்தில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வெடிப்பெட்டி லேபிளையும் காலண்டரையும் அடுக்கி அடுக்கிக் கை தானாகப் படித்துக்கொண்டது.

வீட்டில் இதற்கு மரியாதை கிடையாது. "பிள்ளைகளே விட்டுட்டாக, இவ இன்னும் விடல" என்று என் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவார். அதனால் கார்டு பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் திருச்சி அக்கா.

கார்டு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில்தான் பழக்கம். அந்தக் குழுவில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் எங்களையும் "ப்ரோ" என்று கூப்பிடுவார்கள். நாங்கள் தனியாக அதைச் சொல்லிச் சிரிப்போம். ஒருமுறை அக்கா என் வீட்டுக்கே வந்து தங்கினார். விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறக்கி எண்ணெய்ப் புரோட்டா வாங்கிக்கொடுத்துத்தான் கூட்டிவந்தேன். அன்றைக்கு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டும் முறையை, நார் பார்க்கும் முறையை, டேப் நுனி மடிப்பதை எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அம்புட்டுச் சீக்கிரம் வராது.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. லேபிளைக் கட்டாகக் கட்டி முடித்ததும், கட்டியவள் தன் பெயர்ச் சீட்டை மேலே வைத்து ஒட்டிவிடுவாள். அதன் பிறகு அந்தக் கட்டை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. சூப்பர்வைசர்கூடப் பிரிக்கமாட்டார். மீறிப் பிரித்தால் அவளை எல்லார் முன்னாலும் கை நீட்டி அடித்ததற்குச் சமம். புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் பக்கத்தில் இருந்தவளின் கட்டைப் பிரித்துவிட்டு, அந்த சீசன் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் உள்ளதிலேயே பெரிய சொத்து ஒரு பச்சை மூஞ்சிக்காரன். குஸ்தி வீரன்தான், அச்சடிக்கும்போது சிவப்பு மை விழாமல் போனதால் முகமெல்லாம் பச்சையாக வந்துவிட்டது. அந்த ஷீட்டையே கழிவுத்தாளில் போட்டுவிட்டார்கள். அம்மா அதே அச்சகத்தில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போகிற நான், கழிவுக்குள் கையை விட்டு அவனை எடுத்துக்கொண்டேன். சாத்தூர் காராச்சேவு தின்றுகொண்டிருந்த கை. கார்டின் முதுகில் என் பெருவிரல் அப்படியே எண்ணெயாகப் பதிந்துவிட்டது. அவனைப் போல இன்னொன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. எனக்கு நகைமேல்கூட அவ்வளவு ஆசை கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அது அவர்கள் பாடு.

போன தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா போன் செய்தார். தப்பாக அச்சான கார்டுகளை எல்லாம் நல்ல கேமராவில் படமெடுத்து வைக்கப்போவதாகவும், பச்சை மூஞ்சிக்காரனைக் கொஞ்ச நாள் அனுப்பிவைக்க முடியுமா என்றும் கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். அக்கா கேட்டதும் யோசிக்கவே தோன்றவில்லை. இருந்ததிலேயே நல்ல அட்டையாக எடுத்து, நார் பார்த்து, மழைக்குப் பாலிதீன் சுற்றி, "மடக்காதீர்கள்" என்று சிவப்பில் எழுதி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது சீசன் உச்சத்தில் இருந்தது. லேபிள் ஆர்டர் மலையாகக் குவிந்து, வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைக்கவே தெம்பிருக்காது. வெளி உறையைக் கிழித்தேன். உள்ளே இரண்டு அட்டை, ஒன்று நெட்டு நார், ஒன்று குறுக்கு நார். டேப்பின் நுனி அழகாக மடித்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்துவிட்டு அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "பத்திரமா வந்து சேந்துட்டான்க்கா. எங்க செக்‌ஷன் ஆளு கணக்காவே கட்டியிருக்கீக. பிரிக்கவே மனசு வரல."

அக்காவிடமிருந்து கை கூப்பிய பொம்மை ஒன்று வந்தது.

சீசன் முடிந்தது, பொங்கலும் போனது. நாங்கள் எப்போதும்போல் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர்க்காரர் ஒருவர் குழுவில் இரண்டு படங்கள் போட்டிருந்தார். பச்சை மூஞ்சிக்காரன். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பரவாயில்லையே, அந்த ஷீட்டிலிருந்து இன்னொருவனும் தப்பித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த படம் கார்டின் முதுகு. அதில் காராச்சேவு எண்ணெயில் ஒரு சின்னப் பெருவிரல்.

பீரோவைத் திறந்து அட்டையைப் பிரித்தேன். உள்ளே ஒரு பச்சை மூஞ்சி இருந்தது. கலர் பிரிண்டரில் எடுத்துத் தடித்த தாளில் ஒட்டிய பச்சை மூஞ்சி. தொட்டாலே வழவழவென்று இருந்தது. எங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கெட்டிக்காரத்தனம் தேவையில்லை, விரலால் தொட்டால் போதும். பார்சல் வந்த அன்றைக்கு நான்தான் தொடவில்லை. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பச்சை மூஞ்சி எங்கக்கா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "என்னம்மா இப்ப வந்து கேக்குற?"

"இப்பத்தானக்கா பிரிச்சேன்."

"இப்பன்னா?"

"இன்னைக்கு. நீங்க அனுப்பின நாள்ல இருந்து பீரோவுலதான் இருந்துச்சு."

அக்கா அழ ஆரம்பித்தார். "நீ அன்னைக்கே பாத்துருப்பேன்னு நெனச்சேன்மா. பத்திரமா வந்துட்டான்னு வாய்ஸ் அனுப்புனியே. எல்லாம் தெரிஞ்சும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டேன்னுல்ல நெனச்சேன். அதைக் கேட்டுட்டு எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

அவருடைய செட்டில் ஒரே ஒரு கார்டு குறைந்ததாம். அது பெங்களூர்க்காரரிடம் இருந்ததாம். அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்த பச்சை மூஞ்சியைத் தவிர வேறு எதற்கும் அவர் மாற்றமாட்டேன் என்றாராம். "உங்கிட்ட கேட்டா குடுத்திருக்க மாட்ட."

"குடுத்திருக்க மாட்டேந்தான்."

"அதான்மா."

அந்த "அதான்மா"வைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. ஏதோ நான் கொடுக்காததுதான் முதல் தப்பு என்பதுபோல. பெங்களூர்க்காரரிடம் பேசி அவனைத் திரும்ப வாங்கித்தரச் சொன்னேன். அது முறையில்லை என்றார் அக்கா. முறையைப் பற்றி அக்கா பேசினார். கடைசியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னையே கேட்டார்.

"யாராவது ஒரு பார்சலை இத்தனை மாசம் பிரிக்காம வச்சிருப்பாங்களாம்மா?"

"எங்க ஊருல வச்சிருப்பாகக்கா" என்று சொல்லி போனை வைத்தேன்.

குழுவில் எழுதி அக்காவை நாறடித்திருக்கலாம். இரண்டு முறை தட்டச்சு செய்து அழித்தேன். பெங்களூர்க்காரர் பாவம், "இதே மாதிரி வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். என்னிடம் இருந்தது என்று எழுதினேன். வாழ்த்துகள் ப்ரோ என்று பதில் போட்டார்.

மறுநாள் அந்தப் போலியை எடுத்துக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். வழக்கம்போல் அண்ணாச்சி பிரித்துக் காட்டச் சொன்னார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி பச்சையா இருக்கே. யாரும்மா இவன்?"

"நம்ம ஆளு இல்லண்ணாச்சி. திருச்சிக்காரக வீட்டு ஆளு. இங்கன இருந்தது போதும்னு அனுப்பிவைக்கேன்."

"போலியா இருந்தாலும் இம்புட்டுப் பத்திரமாவா?" என்றார் அண்ணாச்சி. அவர் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

நான் கார்டை வாங்கி உறையில் போட்டேன். நெட்டு நார் அட்டை கீழே, குறுக்கு நார் அட்டை மேலே. ஒரு மூலைகூட மழுங்காமல் அது அக்காவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பாலிதீனும் சுற்றினேன். டேப்பின் நுனியை மட்டும் இந்தத் தடவை மடிக்கவில்லை.