முப்பத்தாறு மார்க்

கொல்கத்தாவில் அரை மணி நேரம் சத்தமில்லாமல் வேண்டுமென்றால், அதற்குக் காவல் காக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பா.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானால் முதலில் ஓர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். நான் படித்ததோ பெங்காலி மீடியம். துறைமுக வேலையில் மாற்றலாகி அப்பா தூத்துக்குடியிலிருந்து எங்களைக் கூட்டிவந்த வருஷம், இடம் கிடைத்த பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் இந்த வயதில் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. எங்கே ‘எ’ போடுவது, எங்கே ‘தி’ போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாலும், புத்தகத்தைப் புரட்டினால் பதில் கிடைத்துவிடும். காதால் கேட்டு எழுதும் பகுதிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

நாற்பது கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். நான் போய்க்கொண்டிருந்த ஜாதவ்பூர் கோச்சிங் வகுப்பு ஆசிரியர் கறாரான மனிதர். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்பார். இதை நான் அப்பாவிடம் வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. நான் ஹெட்போனை மாட்டியதும் அப்பா காலிங் பெல்லின் சுவிட்சை அணைப்பார். குக்கர் விசில் போடப்போகிறதென்றால் அடுப்பை நிறுத்திவிடுவார். மீன்காரர் தெருமுனையில் குரல் கொடுக்கும்போதே ஜன்னலைச் சாத்துவார். நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கீழ் வீட்டு அம்மாள் மாடியேறி வந்தால், வாசலிலேயே மறித்து, “மேயே பொரீக்கா” என்று தன் அரைகுறை வங்காளத்தில் கிசுகிசுப்பார். மகளுக்குப் பரீட்சையாம். முப்பத்து மூன்று வயது மகளுக்கு! காக்கிமா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்.

துர்கா பூஜை சமயத்தில் மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. “ஊரையே அடக்கிட்டேன் ட்டி, இந்த மைக்செட்டுக்காரன்கிட்டதான் என் பாச்சா பலிக்கல” என்றார்.

அம்மா போனபிறகு நாங்கள் இருவர்தான். அவருக்கு எழுபத்திரண்டு வயது. விட்டுவிட்டுப் போவதா என்று நான் இழுக்கும்போதெல்லாம் அவர்தான் விரட்டினார். “ரெண்டு வருசந்தான? நான் என்ன பச்சப்புள்ளயா? லேக் மார்க்கெட்ல நம்மூரு இட்லி இருக்கு, கீழ காக்கிமா இருக்கா. நீ போய்ட்டு வாட்டி.” எனக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பழைய வீட்டையும் இரவு டியூட்டியையும் விட்டு ஓட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாள் காலை. ஜன்னலைப் பார்த்து, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சைக்கிள் வாடகை பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். ஒருபோதும் அப்படிச் செய்யாதவர். நான் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன். ஹெட்போனுக்கு வெளியே அவர் குரல் ஏதோ சொல்வது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு கை தோளிலிருந்து விலகியது.

மீதி இருபது நிமிடத்தையும் கேட்டு முடித்தேன். முடித்த கையோடு விடைகளைச் சரிபார்த்தேன். நாற்பதுக்கு முப்பத்தாறு. அதுவரை நான் முப்பதைத் தாண்டியதில்லை. “அப்பா, முப்பத்தாறு!” என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்துப் பேச முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பது. எத்தனையோ குடும்பங்களிடம் நானே கேட்ட கேள்வி. சரியாகத் தெரியவில்லை என்பவர்களைப் பார்த்து, வீட்டில் இருந்துகொண்டே எப்படித் தெரியாமல் போகும் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். பேச்சு அப்போதே குழறியதா என்று டாக்டர் கேட்டார். “தெரியாது சார்” என்றேன். “பேசினார். நான் கேக்கல.”

அந்த இருபது நிமிடம் பெரிய வித்தியாசம் செய்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பிறருக்கு அப்படித்தான் சொல்வேன். அந்த சைக்கிள் கடை செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதும், ஹெல்மெட்டுக்குத் தனி வாடகை இல்லை என்பதும் இன்றுவரை எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சொன்னதில் ஒரு எழுத்துகூட என்னிடம் இல்லை.

பரீட்சையை எழுதினேன். காக்கிமா அன்று முழுக்க அப்பாவோடு இருந்தார். நல்ல மார்க். கேட்கும் பகுதியில் இன்னும் நல்ல மார்க். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அப்பாவிடம், “அன்னைக்கு என்கிட்ட என்னப்பா சொன்னிய?” என்று கேட்டுவிட்டேன். “த... த...” என்று கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். வரவில்லை. குழந்தை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கான கடிதம் வந்தது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். பத்தாம் நாள் காலை, அவருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கடிதத்தைக் காட்டினேன். ரெண்டு வருஷம் என்றேன். பார்த்துக்கொள்ள ஆள் போடுகிறேன் என்றேன்.

“நான் போகட்டுமாப்பா?”

அப்பா சிரித்தார். ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அத்தோடு எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பேச்சு போனவர்களுக்கு ஆமாமும் இல்லையும் குழம்பிப்போகும் என்று பன்னிரண்டு வருஷ நர்ஸ் வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

கஞ்சி ஸ்பூனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அப்பா, இது தலை சீவுற சீப்பா?”

அதே வேகத்தில், அதே சிரிப்போடு, தலையை ஆட்டினார்.