வெள்ளிக்கிழமையின் கருவாட்டு டப்பா

கம்பளையில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் ரயில் பாதை. பயணிகள் தின்ற மிச்சத்தை ஜன்னல் வழியே வீசுவார்கள். அதைத் தேடி எங்கள் நாய் ஜிம்மி தண்டவாளத்துக்குப் போகும். முந்தைய நாயை அங்கேதான் இழந்தோம். எனவே அம்மாவின் தம்பி, கூப்பிட்டால் வரும்படி இதைப் பழக்கத் தொடங்கினார்.

"ஜிம்மி, வா" என்று ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வந்த உடனே ஒரு நெத்தலிக் கருவாடு. தாமதமாக வந்தாலும் ஏசக் கூடாது. துரத்தவும் கூடாது, துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். மாமாவின் கால்சட்டைப் பை நாறியது, நாய் தேறியது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். அன்று கருவாட்டு டப்பாவை அம்மா தொட விடமாட்டார்.

"நாய்க்கு ஏதுக்கா விரதம்?"

"நாய்க்கு இல்லடா, என் அடுப்படிக்கு!"

மாமா வெறுங்கையோடு கூப்பிட்டு, கழுத்தைச் சொறிந்து, கொஞ்சி அனுப்புவார். ஜிம்மி அவர் பையையே முகர்ந்துகொண்டு நிற்கும். அது ஏமாற்றுவேலை என்று எனக்குக் கோபம்.

மாமா பல்லேகலைக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளி மாலை. வளைவில் ரயில் ஊதியது. தண்டவாளங்களுக்கு நடுவே, யாரோ வீசிய, மீன் அடைத்த மாலு பாணை ஜிம்மி கடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அது வாலை மட்டும் ஆட்டியது. நான் வேலியில் கால் வைத்தேன். துரத்தக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது, காலை எடுத்தேன்.

"இரு, கருவாடு எடுத்தாறேன்!" அம்மா உள்ளே ஓடினார்.

ரயிலின் முகம் தெரிந்தது. என் கையில் ஒன்றுமில்லை.

"ஜிம்மி, வா."

அது பாணைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு பாணை விட்டுவிட்டு வந்தது. வேலிக்குள் நுழைந்து என் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தபோது பெட்டிகள் கடந்து போயின.

அம்மா டப்பாவோடு வாசலில் நின்றார். ஒரு நெத்தலியை எடுத்துத் தானே ஊட்டினார். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

"மாமாகிட்ட சொல்லிடாத."

டப்பாவின் வாசனைக்குத்தான் அது வந்தது என்று வெகுகாலம் நம்பினேன். ஆனால் நான் கூப்பிட்டபோது டப்பா இன்னும் அலுமாரிக்குள் இருந்தது. கையில் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாமலே ஓடிவர அந்த நாயைப் பழக்கியவை, நான் கோபப்பட்ட வெள்ளிக்கிழமைகள்தான்.