பத்து மில்லிமீற்றர் தழும்பு

என் வாய் பொல்லாதது என்று ஒப்பரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால்தான் அந்த மெஷினையும் தெரிவுசெய்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் மற்றவர்களைக் கட்டாயப்படுத்தினேன்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கிண்ணியாவுக்குப் பாலம் வரவில்லை, மூதூருக்கு லோஞ்ச் படகில்தான் போகவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பான தாதியாக இருந்தேன். வயிற்றை நீளமாக வெட்டாமல், சின்னத் துளைகள் வழியாகக் கமராக் குழாயை விட்டு, ரீவியில் பார்த்துக்கொண்டே ஒப்பரேஷன் செய்கிற மெஷின் ஒன்றைத் தருவதாக ஓர் உதவி நிறுவனம் சொல்லியிருந்தது. மூன்று வகைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு கிழமைக்குள் எது வேண்டும் என்று சொல்லவேண்டும்.

எங்களுக்கு அது ஆடம்பரமில்லை. வயிறு வெட்டிய ஆள் பத்து நாளாவது கட்டிலில் கிடக்கவேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் ஊரடங்கு வரும், பாதை பூட்டும், அக்கரையில் பெண்சாதி பிள்ளைகளுக்கு என்ன ஆனதோ என்று மனுசன் தையலோடு எழும்பி நடக்கப் பார்ப்பார். துளை என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். முதலாவது மெஷினைக் கண்டதும் சேர் மயங்கிவிட்டார். ஐந்து மில்லிமீற்றர்க் குழாய், படம் கண்ணாடி மாதிரி. நான் விற்பனைக்காரரிடம் பல்ப் போனால் எங்கே வாங்குவது என்று கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், மூன்று கிழமை எடுக்கும் என்றார். மூன்று கிழமை கொழும்புக்கா, இங்கேயா என்றேன். மனுசன் முழித்தார். கொழும்பிலிருந்து ஒரு பெட்டி பஞ்சு வருவதற்கே எத்தனை கடிதம், எத்தனை சோதனைச்சாவடி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் மின்சார ஊழியருக்குக் கண்காட்டி மெயின் சுவிட்சை இழுக்கச் சொன்னேன். ரீவி இருண்டது. ஜெனரேட்டர் பிடித்து, அந்த மெஷின் மறுபடி எழும்பிப் படம் காட்ட நாலு நிமிடம் ஆனது. நாலு நிமிடம் ஒருவரின் வயிற்றுக்குள் கத்தரியை வைத்துக்கொண்டு சேர் தேவாரமா பாடுவது என்று கேட்டேன். சேர் முறைத்தார். கேட்டது சரிதான் என்று அவருக்கும் தெரியும்.

மூன்றாவது பார்க்க அவலட்சணம். படம் கொஞ்சம் மஞ்சள். ஆனால் பல்ப் சாதாரண வகை, பெட்டியோடு ஒரு டசின் வந்தது, எங்கள் ஆளே மாற்றலாம். கரண்ட் வந்தவுடன் படமும் வந்தது. வெளிச்சம் குறைந்த பல்ப் என்பதால் குழாய் மட்டும் தடிப்பாக இருந்தது, பத்து மில்லிமீற்றர். துளை இரண்டு மடங்காகிறதே என்று சேர் இழுத்தார்.

"பத்து மில்லிமீற்றர் ஒரு ஓட்டையா சேர்? என்ர சுண்டுவிரலே போகாது" என்றேன்.

சேர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

முதல் மாதம் அந்த மெஷினில் ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் பெண்கள். பிறகுதான் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் வந்தார். வள்ளங்களின் இன்ஜின் திருத்துகிறவர், முப்பது வயதிருக்கும், பித்தப்பையில் கல். பேச்சு மிகக் குறைவு. பெண்சாதிதான் எல்லாம் கேட்டாள், எப்போது விடுவீங்கள், எப்போது வேலைக்குப் போகலாம் என்று. நாலு துளை போட்டோம், தொப்புளில் ஒன்றும் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் பெரியவை, வலப்பக்கம் இரண்டு சின்னவை. பாதியில் கரண்ட் போனது. இருட்டில் சேரின் இரண்டு கையும் அசையாமல் நின்றன. நான் மூச்சே விடவில்லை. ஜெனரேட்டர் பிடித்தது, படம் வந்தது, பித்தப்பை அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றது. சேர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் காலையில் அவரை அனுப்பும்போது, ஆறு மாதத்தில் தழும்பு இருந்த இடமே தெரியாது என்று பெண்சாதியிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு மணித்தியாலம் போகவில்லை, அவள் தனியாக ஓடிவந்தாள். தியேட்டர் வாசலில் செருப்பில்லாமல் நின்றாள்.

"மிஸ், லோஞ்ச் ஏறுற ஜெட்டியில நேவிக்காரர் ஷேர்ட்டைத் தூக்கிப் பாத்தவங்கள். ஓட்டையளைக் கண்டிட்டு எங்க வெடிபட்டது எண்டு கேட்டு அவரை உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்கள்."

முதல் மாதம் அனுப்பிய பெண்களின் உடுப்பை அங்கே யாரும் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டவில்லையா என்று கேட்டேன். காட்டினார்களாம். ஒப்பரேஷன் என்றால் நீளமான வெட்டு இருக்கும், அது எங்களுக்குத் தெரியாதா, துண்டை யாரும் எழுதலாம் என்றார்களாம். பின்னேரம் அவரை வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். வேறு இடம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போனவர்களைத் தேடி எத்தனை தாய்மார் எங்கள் வாசலுக்கும் வந்து, இங்கே காயத்தோடு யாரும் வந்தார்களா என்று கேட்டிருப்பார்கள்.

சேரின் கை இரண்டும் வேறொருவரின் வயிற்றுக்குள். காதருகே போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. விட்டுவிட்டு வர ஏலாது, நீங்கள் போங்கோ என்றார். குழாயை உள்ளே விடுவதற்கு ஓர் உலோக உறை இருக்கிறது, கையடக்கமான வெறும் குழல். கூரான ஊசிப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த உறையை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். ஜெட்டி வாசலில் என் பையைத் திறந்தவன் அதைக் கண்டதும் துவக்கைத் தூக்கிவிட்டான். வெள்ளைச் சீருடையோடு கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு வெயிலில் நின்றேன். அவமானமும் பயமும் ஒன்றாக வந்தன. தாதியர் பள்ளியில் படித்த சிங்களம் வாயில் வரமாட்டேன் என்றது.

ஓர் அதிகாரி வந்து உள்ளே கூட்டிப்போனார். இன்ஜின் திருத்துகிறவரை ஒரு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். பிளாஸ்ரரைப் பிய்த்திருந்தார்கள், தொப்புளிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது. அப்போதுதான் அந்தக் காயங்களை நான் முதல்முறையாக ஒரு தாதியின் கண்ணால் இல்லாமல் பார்த்தேன். வட்டமாக, சிவப்பாக, நாலு இடத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், அவை வெடிபட்ட காயம் மாதிரித்தான் இருந்தன.

மெஷின், கமரா, ரீவி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இது ஷெல் துண்டு பட்ட காயம், ஆஸ்பத்திரியில் ஒளித்து மருந்து கட்டியிருக்கிறீர்கள் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வந்த சிங்களத்தில் கத்தினேன்.

"தொப்புள் எங்கே என்று பார்த்துப் பாய்கிற ஷெல் துண்டை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?"

பக்கத்தில் நின்ற ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். நான் உறையை ஸ்பிரிட்டால் துடைத்து, வாங்கில் இருந்தவரின் நெஞ்சுக்குக் கீழேயிருந்த காயத்தின் மேல் மெல்ல வைத்தேன். அவர் துடித்தார். விளிம்பும் காயமும் மயிரளவு பிசகாமல் பொருந்தின. தொப்புளிலும் வைத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். உறையை வாங்கித் தன் கண்ணில் வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். வெளியில் லோஞ்ச் புறப்படுகிற ஹோர்ன் கேட்டது.

போகலாம் என்று அவருக்குக் கைகாட்டினார். பிறகு என்னிடம், இப்போது கோபமில்லாமல்தான், கேட்டார்.

"இனி இப்படி ஓட்டையோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வருவீர்களா?"

உறையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மெஷினை வாங்கும்போது பல்ப்பைக் கேட்டேன், கரண்ட்டைக் கேட்டேன், எப்படிக் கழுவுவது, வயிற்றை ஊதவைக்கிற காஸ் எங்கே எடுப்பது என்றெல்லாம் கேட்டேன். அந்த உடம்பு எந்த வழியால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாள்தோறும் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்வருகிற நானும் கேட்கவில்லை.

சேர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கடிதம் அடித்து, துளைகளின் படமும் கீறி, ஒவ்வொருவருக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். நல்ல கடிதம்தான். ஆனால் லோஞ்சில் கதை எங்கள் கடிதத்தை விட வேகமாகப் போய்விட்டது. அடுத்த கிழமை அக்கரையிலிருந்து ஒரு வயல்காரர், நாற்பது வயது, அதே கல். எல்லாம் ஆயத்தம். ரீவியில் வெளிச்சம் வந்துவிட்டது, சேர் கை கழுவிக்கொண்டு நின்றார். மயக்கமருந்து கொடுக்க முதல் அந்த மனுசன் என் கையைப் பிடித்தார்.

"மிஸ், எனக்கு ஓட்டை போடாதேங்கோ. நீட்டா வெட்டுங்கோ. ஆர் பாத்தாலும் ஆஸ்பத்திரித் தழும்பு எண்டு தெரியவேணும்."

கடிதம் இருக்கிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், கையை விடவில்லை. பத்து நாள் கிடக்கவேண்டி வரும், நோவும் கூட என்றேன்.

"கிடக்கிறன் மிஸ். பிறகு வீட்டை போகலாம்தானே."

எனக்குக் கோபம் வந்தது, அவரில் இல்லை. சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. ஈரக் கைகளை உயர்த்திக்கொண்டு மேசையருகே வந்தார். பிறகு மெஷினைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். நான் பல்ப்பை அணைத்துவிட்டு, பெரிய கத்தியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.